முப்பத்தெட்டு இடது கால்கள்

“எம்மா, நடக்கும்போது எந்தக் காலு மொதல்ல முடிவெடுக்கும்?”

பெனிட்டா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் தாயும் மகளும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். புதுச் செருப்புப் போட்ட கால்களையே குனிந்து பார்த்துக்கொண்டு வந்த பிள்ளை, நடுவழியில் நின்று இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டது. ஞானப்பூ கட்டுப்பாட்டுப் பொறியியல் படித்தவள். இயந்திரங்கள் தடுமாறாமல் ஓட வழி சொல்வதுதான் அவள் தொழில். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை.

“ரெண்டும் பேசி வச்சுக்கிடும்,” என்று சொல்லிப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மறுமாதம் வந்த காய்ச்சல் பிள்ளையின் முதுகுத்தண்டைத் தாக்கியது. காய்ச்சல் இறங்கியது. கால்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அன்றோடு நின்றுபோனது.

அதற்குப் பிறகு ஞானப்பூ செய்ததெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான். இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, துறைமுகத்துக்குப் பின்புறமிருந்த துணைநடை நிலையத்தில் சரிபார்ப்பு அலுவலராக அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே, இடது கையில் மாவுக்கட்டோடு வண்ணமுத்து என்ற ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் கொதித்துக்கொண்டிருந்தார்.

“மேடம், முப்பத்தொரு வருசம் கண்டக்டரா இருந்தவன் நான். ஓடுத பஸ்ஸுல கம்பியப் பிடிக்காம நின்னு டிக்கெட் கிழிச்சவன். ஒரு நாளு விழுந்ததில்ல. இப்போ நின்னுக்கிட்டிருந்த பஸ்ஸுல இருந்து இறங்கையில விழுந்திருக்கேன். கேக்குதவன் சிரிக்க மாட்டானா?”

“எப்படி விழுந்திய, அண்ணாச்சி?”

“தரையில காலை வைக்கப் போறேன். இடது காலு மட்டும் பொறு பொறுன்னு மேல தூக்குது. குறுக்க நாய் படுத்துக் கெடந்தா தாண்டுவோம்லா, அந்த மாதிரி. குனிஞ்சு பாத்தா நாயும் இல்ல, பேயும் இல்ல. எங்க வீட்டுக்காரி செய்வினைங்கா.”

“செய்வினை எல்லாம் ஒண்ணுமில்ல.”

“அப்போ என் காலுக்குள்ள இருந்து தாண்டுதது யாரு? அதச் சொல்லுங்க.”

ஞானப்பூ நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இதை அவள் பலருக்கும் சொல்லியிருக்கிறாள்.

“கை அசையுதது வேற, கால் நடக்குதது வேற, அண்ணாச்சி. கை தண்ணி மாதிரி வழுக்கிக்கிட்டே போவும். கால் அப்படி இல்ல. தரையில இருக்கும், இல்லன்னா தரையில இருக்காது. நடுவுல ஒண்ணும் கெடையாது. ஒவ்வொரு அடியும் ஒரு தாவல். செயலத்த காலை அசைக்க உங்களுக்குக் கட்டிவிட்ட கால்பட்டைக்குள்ள இருக்குற நரம்பு வலையும் அப்படித் தாவுற வலைதான். வழுக்கிப் போறதப் பின்தொடர்றது லேசு. தாவுறதப் பின்தொடர்றதுதான் கஷ்டம். ஒரு தாவல் தப்புனா அடுத்த தாவல் இன்னும் தப்பும். அப்புறம் விழ வேண்டியதுதான்.”

“அதனாலதான் ஒரு ஆளைப் பிடிச்சு நடக்க விட்டிருக்கிய. முன்நடை.”

“ஆமா. நல்லா நடக்குத ஒருத்தரு காலுல கொலுசுன்னு ஒரு கருவியக் கட்டி நடக்கச் சொல்லுதோம். எங்க போவணும், எப்போ நிக்கணும்னு முடிவு பண்ணுறது நீங்க. அடி விழுற தாளமும், கால் எழும்புற உயரமும் அவங்ககிட்ட இருந்து வரும். நீங்க எங்க இருந்து ஆரம்பிச்சாலும் மூணே அடியில உங்க வலை அவங்க வலையோட சேந்துரும். அதக் கணக்குப் போட்டு நிரூபிச்சது நான்.”

“சரி. அப்போ அந்த ஆளு எதையோ தாண்டியிருக்காரு,” என்றார் வண்ணமுத்து. “அது என்னன்னு கண்டுபிடிங்க தாயி. எனக்கு மட்டும் இல்ல. நேத்து ஆஸ்பத்திரியில இன்னொரு கால்பட்டைக்கார அம்மாவப் பாத்தேன். அவளுக்கும் அதே நேரம் தூக்கியிருக்கு.”

அவர் போன பிறகு ஞானப்பூ பதிவுகளைத் திறந்தாள். அவர் சொன்னது உண்மை. அவர் விழுந்த அன்று காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு முப்பத்தெட்டுப் பேரின் கால்பட்டைகளுக்கும், இடது பாதத்தை நான்கு விரற்கடை அதிகம் தூக்கும்படி ஒரே ஒரு அடி போயிருந்தது. முந்தைய நாளும் அப்படி, ஒன்பது எட்டுக்கு. அதற்கு முந்தைய நாள் ஒன்பது பதின்மூன்றுக்கு. இயந்திரக் கோளாறு என்றால் ஒரே நேரத்தில் வரும். இப்படி முன்பின்னாக வராது. இது யாரோ ஒரு மனிதர் செய்வது.

சனி, ஞாயிறுகளில் அந்த அடி இல்லை. மாதா கோயில் தேர்த் திருவிழாவுக்காக மாவட்டத்துக்கு விடுமுறை விட்ட நாளிலும் இல்லை. அந்த நாளில் முன்நடை வேலைக்கு வந்திருந்தாள், வழக்கம்போல் நடந்திருந்தாள், அந்த அடியை மட்டும் வைக்கவில்லை. அப்படியானால் அவளுக்கு யாரோ கட்டளையிடுகிறார்கள், கட்டளையிடுகிறவருக்கு அன்று விடுமுறை. ஞானப்பூவின் மனம் அந்த வழியில்தான் ஓடியது. ஒரு மாதத்துக்கு முந்தைய பதிவுகள் நாள் சராசரியாகச் சுருங்கிவிடும். சராசரியில் ஓர் அடி தெரியாது. அதற்கு மேல் பின்னோக்கிப் போக வழியில்லை.

இயக்குநர் மைதீன் பிச்சை பதிவைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“வெளியில ஒரு கம்பெனி நம்ம நிலையத்த விலைக்குக் கேட்டுக்கிட்டு இருக்கு, தெரியும்லா? ரெண்டு பேரு விழுந்தா அவனுக்கு நல்லது.”

“எனக்கும் அந்தச் சந்தேகம்தான், சார்.”

“வேணும்னே அடி மாத்தி வச்சிருந்தா, விதிப்படி அன்னைக்கே கொலுச அவுத்துறணும். அவுத்தா என்ன ஆவும்னு உங்களுக்கே தெரியும். வேற ஆளப் பொருத்த நாலு மாசம். முப்பத்தெட்டுப் பேரும் உக்காரணும்.” கொஞ்சம் நிறுத்தி, “வெள்ளிக்கிழமை அறிக்கை வேணும், மேடம்,” என்றார்.

முப்பத்தெட்டுப் பேரும் உட்கார வேண்டும். முன்நடையைப் பின்தொடர்ந்து நடக்கும் அந்த முப்பத்தெட்டுப் பின்நடைகளில் இருபத்தேழாம் எண் பெனிட்டா. உறவினர் பின்நடையாக இருந்தால் அந்த அலுவலர் சரிபார்ப்பு வேலையில் இருக்கக் கூடாது என்பது விதி. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, மகள் தன் அப்பாவின் குடும்பப் பெயரில் பதிவான தைரியத்தில், ‘உறவினர் எவருமில்லை’ என்ற கட்டத்தில் ஞானப்பூ கையெழுத்துப் போட்டிருந்தாள். ஞாயிறுதோறும் பாவ அறிக்கை செபத்தில் முழங்கால் படியிடும்போது அந்தக் கையெழுத்து நினைவுக்கு வரும். எழுந்ததும் மறந்துபோகும்.

அன்று மாலை பெனிட்டா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கால்பட்டையை அவிழ்த்துவிட்டுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். இரண்டு ஆண்டுகளாக ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. ஞானப்பூ அவள் பாதங்களுக்கு எண்ணெய் தடவினாள். முதல் வருடம் இடது பெருவிரல் நகம் கறுத்தே கிடந்தது. விழும், முளைக்கும், மறுபடி கறுக்கும். இப்போது ஒரு வருடமாக இளஞ்சிவப்பாக, ஒழுங்காக இருந்தது. சென்ற ஆண்டு வலையில் தான் செய்த திருத்தம்தான் காரணம் என்று ஞானப்பூ நம்பினாள். ஆண்டறிக்கையிலும் அதைத் தன் சாதனையாக எழுதியிருந்தாள்.

“என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்லட்டி. ஒரு ஆளு மேல சந்தேகம். ஆளு நல்லவளா கெட்டவளான்னு தெரியல.”

“நல்லவங்களா இருந்துட்டுப் போட்டுமே. உனக்கென்ன நட்டம்?” என்று சொல்லிவிட்டுப் பெனிட்டா பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தத் தொடங்கினாள்.

மறுநாள் காலையிலிருந்து ஞானப்பூ நடைக்கூடத்தின் மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று முன்நடையைக் கவனித்தாள்.

முன்நடையின் பெயர் முத்துப்பேச்சி. வயது நாற்பத்தைந்துக்கு மேல். இருபது வருடம் உப்பளத்தில் தலைச்சுமையாக உப்பு சுமந்தவள். ஒரு முழ அகல வரப்பில், ஈரத்தில், தலையில் கூடையோடு அலுங்காமல் நடந்தவர்களின் நடையைப் போல உறுதியான நடை உலகத்தில் இல்லை என்பது நிலையம் கண்டுபிடித்த உண்மை. எட்டு ஆண்டுகளாக முத்துப்பேச்சி அந்தக் கூடத்தில் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரையும், மாலை நான்கிலிருந்து ஆறு வரையும் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். முப்பத்தெட்டுப் பேரின் ஊர்வாழ்க்கை அவள் வேலை நேரத்துக்குள் அடங்கியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவள் உட்கார்ந்தால் அவர்களும் எங்காவது போய் உட்கார்ந்துவிட வேண்டும். மற்ற நேரத்தில் கால்பட்டையின் நினைவில் இருக்கும் நடை, வீட்டுக்குள் மெல்ல நடமாடத்தான் போதும்.

நடக்கும்போது அவள் பாடக் கூடாது, அழக் கூடாது, யாருடனும் பேசக் கூடாது. தாளம் மாறிவிடும். தன் தம்பி இறந்த செய்தி வந்த நாளில்கூட அவள் பன்னிரண்டு மணி வரை நடந்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்து அழுதாள் என்று காவலாளி ஒருமுறை சொல்லியிருந்தான். அப்போது ஞானப்பூ அதைக் கேட்டுத் தலையை ஆட்டியதோடு சரி.

ஒன்பது ஐந்துக்கு முத்துப்பேச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தலையைச் சற்றே சாய்த்தாள், எங்கோ தொலைவில் கேட்பதற்குக் காது கொடுப்பவள் போல. உதடுகள் அசைந்தன. ஒன்பது பதினொன்றுக்கு இடது கால் உயர்ந்து, இல்லாத ஒன்றைத் தாண்டி இறங்கியது. அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனதை ஞானப்பூ பார்த்தாள். அந்த நிம்மதிதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. வேலையை முடித்துக் கொடுத்தவளின் முகம் அது.

அடுத்து அவள் செய்தது, பின்னாளில் நினைத்து வெட்கப்பட்ட காரியம். பணிப்பெண்கள் பை வைக்கும் அலமாரிக்குப் போய், யாருமில்லாத நேரத்தில் முத்துப்பேச்சியின் பையைத் திறந்தாள். ஒரு தூக்குச் சட்டி, ஒரு துண்டு, முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம். அடியில் நான்காக மடித்த மாதக் காலண்டர் ஒன்று. கரித்துண்டால் நாள்தோறும் புள்ளி வைத்திருந்தது. சனி, ஞாயிறு வெறுமை. தேர்த் திருவிழா நாளும் வெறுமை. பக்கங்களைப் புரட்டினாள். மே மாதம் முழுக்க ஒரு புள்ளிகூட இல்லை.

கணக்கு வைத்துக்கொண்டு செய்கிறாள்! யாரிடம் காட்டுவதற்கு இந்தக் கணக்கு?

பன்னிரண்டு மணிக்கு முத்துப்பேச்சி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, ஞானப்பூ காலண்டரை அவள் முன்னால் விரித்தாள்.

“இது என்னது?”

முத்துப்பேச்சி காலண்டரைப் பார்த்தாள். பிறகு அலமாரிப் பக்கம் பார்த்தாள்.

“கேட்டிருந்தா நானே எடுத்துத் தந்திருப்பேனே, மேடம்.”

ஞானப்பூவின் முகம் சூடேறியது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள். “யாரு சொல்லிக் காலைத் தூக்குறிய?”

“யாரும் சொல்லல. இதுதான் சொல்லுது.” முத்துப்பேச்சி குனிந்து கணுக்காலில் இருந்த கொலுசைத் தொட்டாள்.

“அது பேசாது. தொடர்பு அறுந்து போகலன்னு காட்டுறதுக்கு லேசாத் துடிக்கும். பின்நடைக எங்கயாவது பிசகுனா துடிப்பு ஒரு பொட்டு கூடும். முப்பத்தெட்டுப் பேரோட பிசகும் ஒண்ணாக் கலந்துதான் வரும். அதப் பிரிச்சுப் பாக்க எந்த மனுசராலயும் முடியாது. அத வச்சதே நான்தான்.”

“வச்சது நீங்க. கட்டிக்கிட்டு நடக்குதது நானுலா?”

ஞானப்பூ குனிந்து அந்தக் கொலுசைப் பார்த்தாள்.

“உப்பளத்துல தண்ணிக்குள்ள உப்பு எம்புட்டுக் கனத்துக்குப் பிடிச்சிருக்குன்னு கண்ணால பாக்க மாட்டோம், மேடம். உள்ளங்காலு சொல்லும். எட்டு வருசமா இதக் கட்டியிருக்கேன். முப்பத்தெட்டுப் பேரையும் எனக்குத் தெரியும். பேரு தெரியாது, மூஞ்சி தெரியாது. ஒரு அண்ணாச்சி இருக்காரு, தரை ஓடிப் போயிரும்னு பயந்த மாதிரி அழுத்தி அழுத்தி வைப்பாரு. ஒரு அம்மா வெள்ளிக்கிழமையானா ஒரே எடத்தச் சுத்திச் சுத்தி வருவாவ. கோயிலா இருக்கும்னு நெனச்சுக்கிடுவேன்.”

ஓடுகிற பேருந்தில் முப்பத்தொரு வருடம் நின்ற வண்ணமுத்துவின் பாதங்கள் ஞானப்பூவின் கண்முன் வந்தன. அவள் மெல்ல எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ரெண்டு வருசத்துக்கு முன்ன, ஜூன் மாசம். காலையில ஒன்பது மணி தாண்டி ஒரு இடி வந்துச்சு. இடது காலு, பெருவெரல் பக்கம். யாரோ தட்டிட்டாவன்னு இருந்தேன். மறுநாளும் வந்துச்சு. அதுக்கு மறுநாளும். மொதல்ல ரெண்டு படி ஏறுவாவ, அது லேசான துடிப்பா வரும். மூணாவது அடி எதுலயோ போய் இடிக்கும். உசந்த நெலப்படியா இருக்கும்போல. உங்க பட்டைக்குப் படி தெரியுது, நெலப்படி தெரியல. எங்க நடை வரப்பு நடைலா, தரையோட தரையாத்தான் போவும். அந்தப் பிள்ளை என்னத்தத் தூக்கும்?”

“பிள்ளைன்னு எப்படித் தெரியும்?”

“எட கம்மி. வெரசலான காலு. சின்ன வயசுப் பொண்ணு. தெனமும் அதே எடத்துல இடிச்சா வெரலு என்னத்துக்கு ஆவும், மேடம்? எனக்கு வலிக்கல. ஆனா தெரிஞ்சுக்கிட்டே நடக்க மனசு கேக்கல. ஒரு வருசம் பாத்தேன். அப்புறம்தான், ரெண்டு படி ஏறுதது தெரிஞ்சதும் மூணாவது அடிய நான் கொஞ்சம் தூக்கி வச்சுப் பாத்தேன். இடி வரல.” அவள் சிரித்தாள். “அன்னைக்குக் கஞ்சி ருசியா இருந்துச்சு.”

“இந்தப் புள்ளி?”

“அந்தப் பிள்ளை இடிக்காமப் போன நாளு. இந்த வருசம் மே மாசம் பூரா ஆளு வரவே இல்ல. உசிருக்கு ஏதும் ஆயிருச்சோன்னு பயந்து கும்பிட்டுக்கிட்டே இருந்தேன். ஜூன்ல, எங்க தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்குச் சரியா வந்துட்டா. அப்பத்தான் புத்திக்கு எட்டுச்சு. போன மேயிலயும் இப்படித்தான் காணாமப் போனா. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் போல.”

முப்பத்தெட்டுப் பேர் பட்டியலில் பள்ளி ஆசிரியை ஒரே ஒருத்திதான். பட்டியலைப் பார்க்க வேண்டிய தேவைகூட ஞானப்பூவுக்கு இல்லை. நேற்று மாலை எண்ணெய் தடவிய விரல் நினைவில் இருந்தது. இளஞ்சிவப்பான நகம். தன் சாதனை என்று எழுதிய நகம்.

“நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா, மேடம்?”

சொல்லித்தான் ஆக வேண்டும். “அந்த நேரத்துல நடந்துக்கிட்டிருக்க எல்லார் காலும் தூக்கியிருக்கு, முத்துப்பேச்சி. பஸ்ஸுல இருந்து இறங்கும்போது ஒருத்தர் விழுந்து கை ஒடிஞ்சிருக்கு.”

முத்துப்பேச்சியின் முகம் இருண்டது. “அழுத்தி வைப்பாரே, அவரா? அஞ்சாறு நாளா அவரக் காணல. காய்ச்சலோன்னு இருந்தேன்.” இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஒரு பிள்ளை வெரலப் பாத்தேன். இன்னொருத்தரு கையப் பாக்கலியே, மேடம்.”

அவள் அழுதாள். நடந்துகொண்டிருக்கவில்லை என்பதால் அவள் அழலாம்.

வியாழக்கிழமை இரவு உணவுக்குப் பிறகு ஞானப்பூ அறிக்கை எழுத உட்கார்ந்தாள். எழுதுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. முத்துப்பேச்சியின் கால் தளர்ச்சியால் நேர்ந்தது என்று எழுதினால் ஞானப்பூவைப் பற்றி யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. முத்துப்பேச்சி மட்டும் வெளியே போவாள். உள்ளதை எழுதினால், அந்தப் பிள்ளை யார் என்ற கேள்வி வரும். அவள் வேதாகமத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் திறக்கவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரிந்ததுதானே. தெரியாததுபோல் ஏன் தேட வேண்டும்?

உள்ளதை எழுதினாள். கொலுசின் துடிப்பு பின்நடைகளின் பிசகை முன்நடைக்குச் சொல்லும் என்பதை முன்கூட்டி எண்ணிப் பார்க்காதது வடிவமைத்தவரின் குற்றம், அந்த வடிவமைத்தவர் நான். முன்நடை மட்டும் பின்நடையை நடத்தும் என்று நான் நிரூபித்தேன். பின்நடையும் முன்நடையை நடத்தக்கூடும் என்று யோசிக்கவில்லை. இருபத்தேழாம் எண் என் மகள். ஆறு ஆண்டுகளாக மறைத்திருந்தேன்.

மைதீன் பிச்சை இரண்டு முறை படித்தார். “கடைசி வரிய எழுதாம இருந்திருக்கலாமே, ஞானப்பூ மேடம்,” என்றார். முதல்முறையாக அவர் குரல் தணிந்திருந்தது.

“அந்த வரி இல்லன்னா முந்தின வரி எல்லாம் பொய்யாப் போயிரும், சார்.”

முத்துப்பேச்சியின் கொலுசை அவிழ்க்கவில்லை. மணியடித்துச் சொல்லாமல் அடி மாற்றக் கூடாது என்று எச்சரித்து, கூடத்தில் ஒரு மணியை மாட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போனது. கொத்தனார் வந்து அந்த நிலைப்படியைச் செதுக்கிச் சரிவாக்கினார். வண்ணமுத்துவிடம், வேறொரு பின்நடை இடறாமலிருக்க முன்நடை காலைத் தூக்கினாள் என்றும், அழுத்தி வைக்கும் காலாக அவரை அவளுக்குத் தெரியும் என்றும் மட்டும் சொன்னார்கள். அவர் ஒரு நாள் முழுக்க வீட்டில் கத்தினார். மறுநாள் கடைக்குப் போய் ஒரு பெட்டி முந்திரி மக்ரூன் வாங்கி, “இத அந்த முன்நடைக்குக் குடுங்க. பேரு சொல்ல வேண்டாம். அழுத்தி வைக்குத காலுன்னு சொன்னா தெரியும்னு சொன்னியளே,” என்று காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞானப்பூ வேலையை இழந்தாள். அது நியாயம்தான் என்று அவளே சொன்னாள். பெனிட்டா மூன்று நாள் அம்மாவிடம் பேசவில்லை. நான்காம் நாள் வந்து, “ஒரு வருசமா ஒருத்தவங்க என் காலத் தூக்கி விட்டிருக்காவ. நான் ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லல,” என்றாள். முன்நடையும் பின்நடையும் ஒருவரையொருவர் அறியக் கூடாது. அந்த விதியை எழுதியதும் ஞானப்பூதான்.

ஒன்றரை ஆண்டு கழித்து, தேவாலயத்து அசன விருந்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்த இடத்தில், அழைப்புக்கு வந்திருந்த மைதீன் பிச்சை சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். “முத்துப்பேச்சிக்கு ரெண்டு முழங்காலும் போயிருச்சு, மேடம். சிமெண்டுத் தரையில பத்து வருசம் நடந்தா என்ன ஆவும்? பெனிட்டாவையும் மத்த எல்லாரையும் புது முன்நடைக்கு மாத்தியாச்சு, முன்னாடியே ஆளப் பொருத்தி வச்சதால கஷ்டமில்ல. இவளுக்குத்தான் கால்பட்டை கட்டியும் நடை ஏறல. உப்பளத்து நடையிலயே ஊறுன ஒடம்பு. வேற யாரு நடையும் ஒத்து வரல. வீட்டோட உக்காந்துட்டா.”

ஞானப்பூ கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள்.

மறுநாள் விடியற்காலையில் வீட்டு மொட்டைமாடிக்குப் போனாள். சுண்ணாம்பால் ஒரு முழ அகலத்தில் இரண்டு கோடுகள் போட்டாள். சும்மாடு கூட்டி, தலையில் ஒரு குடம் தண்ணீரை ஏற்றி, கோட்டுக்குள் நடந்தாள். பத்து அடிக்குள் பாதித் தண்ணீர் முதுகில் வழிந்தது. ஆனால் அந்த நடை அவளுக்கு மனப்பாடம். எட்டு ஆண்டுகள் அதை வளைவுகளாகவும் புள்ளிகளாகவும் திரையில் பார்த்தவள் அவள். குதிகால் எப்போது இறங்கும், இடுப்பு எவ்வளவு சாயும், எந்த நொடியில் ஒரு கால் விட்டு மறு கால் பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை உடம்புக்குக் கொண்டுவர ஏழு மாதங்கள் ஆயின. ஐம்பத்தாறு வயதில் கால் வீங்கியது, வடிந்தது, மறுபடி வீங்கியது. தண்ணீர் சிந்துவது நின்ற அன்று, தன் நடையைப் பதிவு செய்து, பெயரில்லாமல் எண் மட்டும் எழுதிய உறையில் வைத்து நிலையத்துக்கு அனுப்பினாள். தன்னார்வ முன்நடைகள் அப்படித்தான் அனுப்ப வேண்டும். உறைக்குள் யார் என்று எவருக்கும் தெரியாது.

மூன்று வாரத்தில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு கொலுசு, ஒரு பின்நடைக்கானது. காலை ஆறிலிருந்து ஏழரை வரை என்று சீட்டில் எழுதியிருந்தது. அந்த நடை பொருந்தக்கூடிய ஆள் இந்த ஊரில் ஒருத்திதான்.

முதல் நாள் ஆறு மணிக்குக் கொலுசைக் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நடந்தாள். கீழே பெனிட்டா தூங்கிக்கொண்டிருந்தாள். கணுக்காலில் மெல்லிய துடிப்பு. முதலில் தயங்கித் தயங்கி வந்தது. ஓர் அடி, இரண்டடி. மூன்றாம் அடியில் சேர்ந்துகொண்டது. உப்பளத்தின் பக்கமிருந்து வந்த காற்று முகத்தில் பட்டது. ஞானப்பூ பாடவில்லை, அழவும் இல்லை. தாளம் மாறிவிடும்.

ஆறு இருபதுக்கு, வலது காலில் சின்னதாக ஓர் இடி வந்தது.

என்னவென்று தெரியவில்லை. வீட்டு வாசலாக இருக்கலாம். தெருக்குழாய்ப் பக்கத்துக் கல்லாக இருக்கலாம். மறுநாளும் அதே நேரம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. இங்கே ஒரு முன்நடைக்கு ஒரே பின்நடை. தூக்கினால் வேறு யாரும் விழ மாட்டார்கள். அதை மூன்று முறை யோசித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

நான்காம் நாள் ஆறு இருபதுக்கு, துடிப்பு சற்றே தயங்கிய அந்த நொடியில், ஞானப்பூ வெறும் மாடித் தரையில் தன் வலது காலை நான்கு விரற்கடை உயர்த்தி, அங்கே இல்லாத எதையோ தாண்டி வைத்தாள்.

இடி வரவில்லை.

அவள் நிற்காமல் நடந்தாள். ஏழரைக்குக் கொலுசை அவிழ்த்துப் பெட்டியில் வைத்தாள். கீழே இறங்குமுன், படிக்கட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில், அன்றைய தேதியின் மேல், பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தாள்.